பாயம்மா கொடுத்த வாக்கு

செய்தி வந்தபோது நான் ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நின்று, "டீச்சர், உங்க அண்ணன் லைன்ல இருக்காரு" என்று தம் கைபேசியை நீட்டினார். எங்கள் பள்ளி இருக்கும் மலையூரில் அவருடைய கைபேசிக்கு மட்டும்தான் ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும். அண்ணன் அழவில்லை. "அம்மா மவுத்தாயிட்டாங்க ஷமீமா. கெளம்பி வா" என்று மட்டும் சொன்னார்.

என் அம்மா ஹாஜிரா இறப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் பேரப்பிள்ளைகளைப் பார்க்க மலையிலிருந்து ஒடுகத்தூருக்கு இறங்கியிருந்தார். அவர் வந்திருப்பது தெரிந்ததும் தெருப்பிள்ளைகள் பழையபடி குர்ஆன் ஓத வந்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று மதியம் பக்கத்து வீட்டு அஸ்மா அவர் எதிரில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தாள். அம்மா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு எடத்துல தப்பா ஓதிட்டேன்க்கா. அம்மா ஒண்ணும் சொல்லல. வேணும்னே இன்னொரு தபா தப்பா ஓதிப் பாத்தேன். அப்பவும் சொல்லல. அப்பதான் பயந்துட்டேன்."

அவரை அறிந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உயிர் இருக்கும்வரை ஒரு தப்பைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற மனுஷி அல்ல அவர்.

ஒடுகத்தூரில் எங்கள் வீட்டு முன்அறையில் திரை போட்டு, அம்மா பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தார். இதைப் படிக்கிற பெண்களில் பலர் அந்த அறையில் அழுதவர்கள்தான். நீங்கள் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். எனக்கு அதுதான் வீடு. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் வீட்டின் சட்டமெல்லாம் அம்மாதான். வாசலில் நிற்கக் கூடாது. தலைமுக்காடு நழுவக் கூடாது. பள்ளிவிட்ட நேரத்துக்கும் வீடு வந்த நேரத்துக்கும் நடுவில் ஒரு பேச்சு இருக்கக் கூடாது. "படிப்புக்குத் தடையில்ல. சுத்தறதுக்குத்தான் தடை" என்பார். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் அவர். படிப்பு என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் மரியாதையோடு உச்சரிப்பார்.

ஒன்பதாம் வகுப்பில் வேலூரில் நடந்த பேச்சுப் போட்டிக்குப் பள்ளியில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். டீச்சரே வீட்டுக்கு வந்து கேட்டார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து, முறுக்கு வைத்து, மிகுந்த அன்போடு மறுத்தார். "அத்தினி ஆம்பளைங்க முன்னாடி மைக்ல பேசறதா? வாணாங்க டீச்சர்." நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை, என் முன்னால் வைத்த தட்டை அகற்றவும் இல்லை. அந்தத் தடை சரியென்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக அதை மாற்றிச் சொன்னால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். பொய்ப் புகழ்ச்சி அவருக்குப் பிடிக்காது.

ஆசிரியர் வேலை கிடைத்து, பணியிடம் ஜவ்வாது மலைமேல் என்று வந்தபோது உறவினர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண், மலை, காடு, தெரியாத ஜனங்கள். மாமா தீர்மானமாகச் சொன்னார்: "தனியா அனுப்பறதுக்கு வேலைய வுட்டுடலாம்." அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். "தனியா எங்க போறா? நான் வர்றேன்" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. எனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் பாதி அந்த நொடியில் வற்றிப்போனது. காவலையும் கையோடு கூட்டிக்கொண்டு மலை ஏறுகிறேன் என்று நினைத்தேன்.

மலையில் எங்களுக்கு வீடு கொடுத்தவர் மல்லிகா. சாமையும் புளியும் விளைவிக்கிற குடும்பம். அவர்கள் வளர்த்த பன்றிகள் எங்கள் வாசல்வரை வந்து போகும். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தொழுகைக்கு முன் வாசலைக் கழுவிவிடுவார், அவ்வளவுதான். ஒரு வாரம் இதைக் கவனித்த மல்லிகா, யாரும் கேட்காமலேயே வீட்டின் பின்பக்கம் பட்டி அடித்துப் பன்றிகளை அங்கே அடைத்துவிட்டார். அந்த ஆண்டுப் பொங்கலன்று மூடிய பாத்திரத்தோடு வந்தார். "பாயம்மா, சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டேன். இது படைச்சது இல்ல. தாராளமா துன்னுங்க" என்றார். அம்மா பாத்திரத்தைப் பிடித்தபடியே நின்றார். ஒருவரின் நம்பிக்கைக்கு இன்னொருவர் இப்படி வழிவிட முடியும் என்பதை அவருக்கு அதுவரை யாரும் செய்து காட்டியதில்லை என்று நினைக்கிறேன். மல்லிகா போன பிறகு, "இந்தப் பொம்பளைக்கு அல்லா நல்ல குணத்தக் குடுத்திருக்கான்" என்றார். அதன்பின் மலையில் எல்லோருக்கும் அவர் பாயம்மாதான்.

எங்கள் சண்டைகள் மலையிலும் ஓயவில்லை. வகுப்பு நடக்கும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். ஒரு நாள் சாப்பிட வந்தபோது சொன்னார்: "ஒரு பையன் தப்பா சொன்னான். நீ 'பரவால்ல'ன்னுட்டுப் போயிட்ட. திருத்தாம வுடறது பாசம் இல்ல ஷமீமா, சோம்பேறித்தனம்." எனக்குச் சுருக்கென்றது. "நீ திருத்தின திருத்துல எத்தினி பேரு ஓதறதயே வுட்டுட்டாங்க, தெரியுமா?" என்று கேட்டேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் மல்லிகாவின் மருமகளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் எழுத்தைத் தப்பாக வளைத்தபோது அம்மாவின் கை உயர்ந்தது. பிறகு மெல்ல இறங்கி, அவள் கையைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பியது. நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

பத்தாம் வகுப்பில் செண்பகம் என்றொரு பெண் இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. காட்டுக்குள் நெடுந்தூரம் நடந்து வருகிறவள். திடீரென்று வருவது நின்றுவிட்டது. தை மாதத்தில் கல்யாணம் என்றார்கள். நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சட்டம் பேசினேன், வயதைச் சொன்னேன், அரசாங்கத்தைச் சொன்னேன். அவள் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க நேத்து வந்தவங்க டீச்சர். நாளைக்கு மாத்தல் வாங்கினு போயிடுவீங்க. நாங்க இங்கியேதான் கெடக்கணும்" என்றார். அதற்கு முந்தின வருஷம் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, பள்ளிக்கூடம் போகிற வழியில் பழகிய, அடிவாரத்துப் படவேட்டுப் பையனோடு போய்விட்டாள். அந்த அவமானம் ஊரில் அப்போதும் ஆறியிருக்கவில்லை.

திரும்பி வந்து ஆத்திரத்தோடு அம்மாவிடம் சொன்னேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஏன் அவரத் திட்டற? அவருக்குப் பயம். பயந்தவங்ககிட்ட போயி சட்டம் பேசினா?" என்றார். பிறகு, "நாளைக்கு என்னக் கூட்டினு போ" என்றார்.

மூட்டுவலிக்காரர். கறுப்பு புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லும் வேருமான பாதையில் ஏறினார். மல்லிகா முன்னால் நடந்தார். புர்காவைப் பார்த்து ஊர் நாய்களெல்லாம் குரைத்தன. "இந்த நாய்ங்க பொம்பளையவே பாத்ததில்லையா?" என்று மூச்சு வாங்கியபடி கேட்டார் அம்மா. மல்லிகா சிரித்த சிரிப்பில் செண்பகத்தின் வீட்டார் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அம்மா கீழே பாய்மேல் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, செண்பகத்தின் அப்பாவிடம் பேசினார். "பொண்ண வச்சிக்கினு வயித்துல நெருப்பு கட்டிக்கினு இருக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும்ங்க. என்னை மாதிரி கண்டிப்பான அம்மாவ இந்த மலையில நீங்க பாத்திருக்க மாட்டீங்க. வேணும்னா எம் பொண்ணக் கேளுங்க." நான் தலையாட்டினேன். அதைவிட உண்மையான சாட்சியம் நான் சொன்னதில்லை. "வழியிலதான பயம்? பரீச்ச முடியற வரைக்கும் அவ எங்க வூட்ல தங்கட்டும். என் கண்ணுக்கு முன்னாடி போவா, கண்ணுக்கு முன்னாடி வருவா."

செண்பகத்தின் அப்பா நேராகவே கேட்டுவிட்டார். "தப்பா நெனைக்காதீங்க பாயம்மா. உங்க வூட்ல வச்சிக்கினு, உங்க சாமிக்கு மாத்திட மாட்டீங்களே?"

எனக்கு முகம் எரிந்தது. அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "கேட்டது நல்லதுதாங்க. நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்" என்றார். "ஒருத்தர் நம்பிக் குடுத்த பொருள, குடுத்தபடியே திருப்பித் தரணும். எங்க மார்க்கத்துல அதுக்கு அமானிதம்னு பேரு. அதுல கை வச்சா நான் தொழுவறதுக்கே அர்த்தம் இல்ல. உங்க பொண்ண நீங்க குடுத்தபடியே தருவேன். கொஞ்சம் படிப்பு மட்டும் கூட இருக்கும்."

செண்பகம் தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா விடியுமுன் சுபுஹு தொழுகைக்கு எழும்போது அவளையும் படிக்க எழுப்பிவிடுவார். "டீச்சர், உங்கம்மா ஜெயிலு வச்சிருக்காங்க" என்று என்னிடம் முறையிடுவாள். "நான் ஆயுள் கைதி" என்பேன். எங்கள் வீட்டுக்குள் விளக்கேற்றுவது அம்மாவுக்கு ஒப்பாது. அதனால் செண்பகம் மாலையில் மல்லிகா வீட்டுச் சாமிமாடத்தில் ஏற்றுவது என்று ஏற்பாடு. படிப்பு மும்முரத்தில் அவள் மறந்துவிடுவாள். அம்மா மறக்க மாட்டார். ஒடுகத்தூரிலிருந்து வந்திருந்த மாமா இதைக் கேட்டு முகம் சுளித்தார். "நீ ஏன் அத ஞாபகப்படுத்தற?" அம்மா சொன்னார்: "எங்கிட்ட இருந்த காலத்துல அவ சாமிய மறந்துட்டான்னா, நான் வாக்கு தவறினவளாயிடுவேன். அல்லாவுக்கு நான்தான பதில் சொல்லணும், நீங்களா சொல்லப்போறீங்க?"

ஒரு மாலை செண்பகத்தின் அப்பா சொல்லாமல் வந்தார். பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே அவர் நிற்பது எங்களுக்குத் தெரியாது. உள்ளே அம்மா வழக்கம்போல அதட்டினார்: "ஏய் செண்பகம், வெளக்கேத்தினியா இல்லியா? பொழுது போச்சு பாரு!" அவள் ஓடிவந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். தோளில் இருந்த சாமை மூட்டையை இறக்கி வைத்தார். உள்ளே வரச் சொன்னதற்கு, "இல்லம்மா, வேல கீது" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். தை மாதம் கல்யாணம் நடக்கவில்லை. பரீட்சை முடிவு வந்த அன்று, "பன்னண்டாவதும் படிக்கட்டும்" என்று அவரே சொன்னார். செண்பகம் இப்போது செங்கத்தில் நர்சிங் படிக்கிறாள்.

அவள் பத்தாம் வகுப்பு முடிப்பதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பள்ளி ஆண்டுவிழாவில் பேச ஒரு தலைப்பு கொடுத்திருந்தேன். அவள் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்: "அன்னிக்கு வேலூர்ல நீ இன்னா பேசறதா இருந்த?" எனக்குப் பாதிதான் நினைவிருந்தது. எழுந்து நின்று அந்தப் பாதியைப் பேசினேன். கூட்டம் என்று சொன்னால் அம்மா, செண்பகம், வாசற்படியில் மல்லிகா. முடித்ததும் செண்பகம் கைதட்டினாள். அம்மா கைதட்டவில்லை. "'வாழ்க்கை'ல ழகரம் சரியா வரல" என்றார். பிறகு, எழுந்து அடுப்படிக்குப் போகிற வழியில், என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். மன்னிப்பு என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மாவை அடக்கம் செய்த அன்று மல்லிகா மலையிலிருந்தும் செண்பகம் செங்கத்திலிருந்தும் வந்தார்கள். செண்பகம் யாரும் சொல்லாமலே துப்பட்டாவால் தலையை மூடியிருந்தாள். மல்லிகா கை நிறைய சாமந்தி கொண்டுவந்திருந்தார். "இன்னா பண்ணலாம், இன்னா பண்ணக்கூடாதுன்னு சொல்லு டீச்சர்" என்றார். இறந்தவரின் மையித்தின் மேல் எங்கள் வீட்டில் பூ வைப்பதில்லை என்றேன். சரியென்று பூவை மடியிலேயே வைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பிய பிறகு, அந்தச் சாமந்தியைத் தொடுத்து என் அண்ணன் மகளின் தலையில் வைத்தார். அதுவரை அழாத நான் அப்போது அழுதேன்.

விடுப்பு முடிந்து மலைக்குத் திரும்பியபோது, வீட்டு வாசலில் ஒரு பெண்ணும் அவள் மகளும் காத்திருந்தார்கள். இன்னும் உள்ளடங்கிய ஊரிலிருந்து வந்தவர்கள். "பாயம்மா வூட்ல பொண்ண வுட்டா பயமில்லன்னு சொன்னாங்க" என்றார் அந்தத் தாய். பாயம்மா இல்லை என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சற்று நின்று, மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"நில்லுங்க" என்றேன். "நான் கீறேன்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சின்னப் பொண்ணா இருக்கீங்களே."

"பாயம்மாவோட பொண்ணுங்க நான்."

அந்தத் தாய் பையை இறக்கி என் கையில் கொடுத்தார்.

அம்மாவின் சட்டங்களில் பலவற்றை நான் பின்பற்றப் போவதில்லை. இந்தப் பெண் வாசலில் நிற்கலாம், மைக்கில் பேசலாம். ஆனால் நம்பிக் கொடுக்கப்பட்ட ஒரு பிள்ளையை அவளுடைய சாமியோடும் சொந்தத்தோடும் கொடுத்தபடியே திருப்பித் தர வேண்டும், கொஞ்சம் படிப்பு மட்டும் கூட இருக்க வேண்டும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட மார்க்கமும் ஆசிரியத் தொழிலும் அதுதான்.