வங்கியைத் திறந்த பெருவிரல்

சோளகக் காற்று வலுத்து, எங்கள் நெடுந்தீவுக்கான படகுச் சேவை நின்றுபோன காலை அது. அயல்வீட்டு அக்காவின் கணவர் முதல்நாளே யாழ்ப்பாணம் சென்று, தம் மீன்பிடிப் படகுக்கு ஏற்ற இயந்திரம் ஒன்றை விலைபேசி வைத்திருந்தார். நண்பகலுக்குள் பணம் வராவிடில் அது வேறொருவருக்குப் போய்விடும். பணமோ அக்காவின் கணக்கில். கணக்கோ அவருடைய கைபேசிக்குள்.

அவர்கள் வீட்டில் அலைத்தொடர்பு கிடைப்பதில்லை. எங்கள் விறாந்தையில் கிடைக்கும். ஆகவே அக்கா வந்து கதிரையின் நுனியில் அமர்ந்தார். கடவுச்சொல் அறிந்த மகள் பல்கலைக்கழகத்தில், பரீட்சை மண்டபத்துள் இருந்தாள். எஞ்சியது விரலடையாளம். நண்டு வலையின் நைலோன் நூலும் உப்புநீரும் ரேகைகளைத் தேய்த்துவிட்ட விரல்களை அக்கா ஒவ்வொன்றாக வைத்தார். எதற்கும் கைபேசி இணங்கவில்லை.

கணவரின் அழைப்பு வந்தது. "இஞ்சேரப்பா, என்ன சுணக்கம்? மற்றாள் கடை வாசலிலை வந்து நிக்கிறான்!"

"பொறுங்கோவன்! நானென்ன இஞ்சை நித்திரையே கொள்ளுறன்?"

நான் கேட்டேன்: "அக்கா, பதிஞ்ச அண்டைக்கு எந்த விரலை வைச்சனீங்கள்?"

அவர் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "கைவிரல் ஒண்டும் பிடிபடேல்லை, தம்பி. பகிடிக்குக் கால் பெருவிரலை வைச்சனான். உடனை பிடிச்சிட்டுது."

"பிறகேன் இவ்வளவு நேரமும் கைவிரலோடை மினக்கெட்டனீங்கள்?"

"நல்ல கதை! உம்மட வீட்டுக்கு வந்து, உம்மட கதிரையிலை காலைத் தூக்கி வைக்கவோ?"

"வையுங்கோ அக்கா. நான் பாக்கேல்லை."

"திரும்பி நில்லும். சொன்னாப் பிறகுதான் இஞ்சாலை பாக்கவேணும்."

நான் சுவரை நோக்கி நின்றேன். முற்றத்துக் குழாயடியில் அவர் கால் கழுவும் ஒலி கேட்டது, கதிரை கிறீச்சிட்டது. பின்னர், "ஆ, திறந்திட்டுது! மாதாவே!" என்று கூவினார். தொகையை உரக்கச் சொல்லியபடியே அழுத்தி அனுப்பினார்.

மீண்டும் அழைப்பு வந்தபோது மணி பன்னிரண்டைத் தொடவில்லை. "காசு வந்திட்டுதப்பா! இயந்திரம் எங்கடை. இந்தா, கேளும்!"

கடைக்காரர் அதைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கி இயக்கியிருக்கவேண்டும். இருமிற்று, செருமிற்று, பின் முழங்கிற்று. அக்கா ஒலியைக் கூட்டினார். விறாந்தை முழுவதும் கடலோடும் ஓசை நிறைந்தது.

"கேக்குதோ?" என்றார் கணவர்.

"ஓம், ஓம்! நிப்பாட்டாதையுங்கோ, இன்னும் கொஞ்சம் ஓடட்டும்!"

திரும்பலாம் என்று சொல்ல அக்கா மறந்தே போனார். நானும் சுவரைப் பார்த்தபடியே சிரித்துக்கொண்டு நின்றேன்.