ஸ்டோர்ஸ்காரர் பெயரில் அடித்த ரன்கள்

ஓசூர் கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் கிரிக்கெட் போட்டியில் ஒரே ஆட்டத்தில் அதிக ரன் அடித்தவன் நான்தான். கம்பெனி நோட்டீஸ் போர்டில் போய்ப் பாருங்கள், வேறு ஆள் போட்டோ சிரித்துக்கொண்டிருக்கும்.

பர்மனென்ட் ஆட்கள்தான் ஆடலாம் என்பது விதி. நான் கான்ட்ராக்ட். அதனால் ஸ்டோர்ஸில் இருந்த ஒரு பர்மனென்ட்காரரின் பெயரில் என்னை இறக்கிவிட்டார்கள். எங்கள் பக்கம் ஊரறிந்த வேலைதான் இது, யாரும் வாய் திறப்பதில்லை. மூன்று வருஷம் மத்திகிரி மைதானத்து வெயிலில் வெந்தது நான். கம்பெனியில் மாலை விழுந்தது அவர் கழுத்தில். பாவம், அந்த மனுஷனுக்குப் பேட்டைப் பிடிக்கவே தெரியாது. நான் ஆடும் நாளில் மைதானத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று அவருக்கு உத்தரவு.

என் மனைவி முதல்முறையாகப் பார்க்க வந்தது ஒரு ஃபைனலுக்கு. என் பழைய சாதனையை நானே தாண்டியதும் மைக்கில் அவர் பெயரைச் சொன்னார்கள். கூட்டமே அந்தப் பெயரைக் கத்தியது. இவள் மட்டும் கை தட்டாமல் நின்றாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக ஸ்கோரர் மேசைக்குப் போனேன்.

“அந்தப் பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதுங்கண்ணா.”

மேனேஜர் ஓடிவந்து கையைப் பிடித்தார். டீமையே நீக்கிவிடுவார்கள், கோப்பை போய்விடும், அடுத்த மாதம் உன்னைப் பர்மனென்ட் ஆக்க ஃபைல் போயிருக்கிறது என்றெல்லாம் அடுக்கினார். ம்க்கும், மூன்று வருஷமாக அந்த ஃபைலுக்கு அடுத்த மாதம் வரவேயில்லை.

“அடிச்சது நானு சார். எழுதுனா என் பேர எழுதட்டும். இல்லன்னா ஒண்ணும் எழுத வேணாம்.”

எழுதவில்லை. பக்கம் முழுவதும் குறுக்கே கோடு போட்டார்கள். கோப்பை எதிர் டீமுக்குப் போனது. திங்கட்கிழமை காலை கேட்டில் என் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். போங்கடா என்று வந்துவிட்டேன்.

இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் கம்பெனியில் வேலை. இங்கே நடக்கும் போட்டியில் கான்ட்ராக்ட் ஆட்களும் அவரவர் பெயரிலேயே ஆடலாம். முதல் ஆட்டம், முதல் பந்து, ஸ்டம்ப் பறந்தது. மைக்கில் என் பெயரைச் சொல்லி, ரன் எதுவும் எடுக்காமல் அவுட் என்றார்கள். என் மனைவி எழுந்து நின்று கை தட்டினாள். எனக்கு மானமே போனது. முட்டை போட்டதற்கு யாராவது தட்டுவார்களா என்று அவளிடம் எரிந்து விழுந்தேன்.

“உங்க பேரச் சொன்னாங்கல்ல,” என்றாள்.