மூன்றாவது இழுப்பு

சாமுவேலின் வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நிற்கின்றன. அவற்றை நசுக்கியவன் நான். தெரிந்தே நசுக்கினேன்.

எதற்காக என்று கேட்பீர்கள். சொல்ல வாய் கூசுகிறது... எந்த செல்போன் உயர்ந்தது என்ற வாக்குவாதத்தில்!

சிரித்துவிடாதீர்கள். எனக்கு எழுபத்து மூன்று வயது. பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் தலை நரைத்தவன். எதையும் எண்ணாமல் நம்பமாட்டேன். மாத்திரைப் பட்டையை மருந்துக் கடைக்காரர் எதிரிலேயே எண்ணி வாங்குகிறவன். அப்படிப்பட்டவன் கோபத்தில் கண்மண் தெரியாமல் நடந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் இரக்கப்படக்கூடும். வேண்டாம். அந்தக் கணத்திலும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

சாமுவேல் அதே கம்பெனியில் விற்பனை மேலாளர். நான் பம்புகளை நிராகரிப்பேன். அவர் ஓடி வருவார். "ஏனுங்க பழனிச்சாமி, டீலரு லாரியோட வாசல்ல நிக்கறானுங்க. ஒரு நூலு வித்தியாசத்துக்கு இத்தனையத் திருப்பி அனுப்பறீங்களே!" என்பார்.

சண்டை முற்றினால் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. பேச்சை நிறுத்திவிட்டுப் பம்பைச் சோதனைத் தொட்டிக்குள் இறக்குவோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தண்ணீருக்குள் அது எப்படி ஓடுகிறதோ அதுதான் தீர்ப்பு. அதன்பின் இருவரும் வாய் திறக்கக் கூடாது.

பிறகு கம்பெனியே மூடப்பட்டது. வெளிமாநிலத்து மலிவுப் பம்புகள் வந்து சந்தையை வாரிக்கொண்டு போயின. எங்கள் பம்புகள் நல்ல பம்புகள். கிடங்கில் இருந்தன! அன்று நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டதாக எண்ணினேன். எது அதிகம் விற்கிறதோ அதுதான் ஜெயித்தது. மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

ஓய்வு பெற்றபின் கணபதிப் பகுதியில் ஒரு பேக்கரி வாசலில் மாலைதோறும் சந்தித்தோம். ஆளுக்கொரு டீ, பாதிப் பாதியாக ஒரு தேங்காய் பன். சாமுவேலின் மகன் அமெரிக்காவிலிருந்து அந்த நாட்டு போன் ஒன்றை அனுப்பியிருந்தான். நான் கொரியாக் கம்பெனியின் போன் வாங்கியிருந்தேன். பழைய சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. விந்தை என்னவென்றால், நாங்கள் பக்கம் மாறியிருந்தோம். விற்பனைக்காரர் தரத்தைப் பேசினார். தரம் பார்த்தவன் விற்பனையைப் பேசினேன்.

"காந்திபுரத்துல இருந்து வர்றப்ப பஸ்ல எண்ணுனேனுங்க சாமுவேலு. போனும் கையுமா முப்பத்தி நாலு பேரு. அதுல உங்க போனு ரெண்டே ரெண்டு!"

"அந்த ரெண்டு பேரும் உக்காந்துட்டு வந்திருப்பாங்களே! தலைய எண்ணாதீங்க, லாபத்தை எண்ணுங்க. போன் யாவாரத்துல காசு முக்காவாசி எந்தப் பக்கம் போகுதுன்னு பேப்பர்ல பாக்கறதில்லீங்களா?"

"லாபம் அவனுக்கு. உங்களுக்கென்னங்க வந்துச்சு? பெட்டிக்குள்ள சார்ஜரு கூட வெக்க மாட்டேங்கறான்."

"உங்காளு மட்டும் வெக்கறானாக்கும்!"

பேக்கரிக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

எங்க போனு, உங்க போனு... ஏதோ நாங்களே லேத்தில் கடைந்து எடுத்ததைப் போல! அந்தக் கம்பெனிகளுக்கு இப்படி இரண்டு கிழவர்கள் இருப்பதே தெரியாது. ஆனால் எனக்கு அது விளையாட்டாக இல்லை. வீட்டுக்கு வந்து, சொல்லாமல் விட்ட பதில்களை நினைத்து நினைத்துப் பல்லைக் கடிப்பேன். அவருடைய சிரித்த முகத்தில் டீயை வீசுவதாகக் கற்பனை செய்வேன். சூடான டீயை! இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டாமா? உள்ளே ஒன்று வளர்கிறது என்று...

ஒருநாள் அவர் சொன்னார். "தண்ணிக்குள்ள போட்டாலும் எங்க போனுக்கு ஒண்ணும் ஆவாதுங்க."

"எங்களதுக்கும் ஆவாதுன்னு பெட்டியிலயே போட்டிருக்குதுங்க."

வேறு யாராக இருந்தாலும் பேச்சு அங்கே முடிந்திருக்கும். நாங்கள் பம்புக்காரர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "தொட்டியில எறக்கிப் பாத்துரலாமுங்களா?" என்று கேட்டது நான்தான்.

என் மருமகன் சின்னதாக ஒரு பம்ப் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். சாவி என்னிடம் ஒன்று உண்டு. சாமுவேல் சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் வந்தார்.

தொட்டிக்கு மேலே உத்தரத்தில் செயின் பிளாக் தொங்கியது. கீழே நின்று கைச்சங்கிலியை இழுத்தால் மேலே பற்சக்கரம் சுற்றும். கனம் தூக்குகிற இன்னொரு சங்கிலி அதற்குள் நுழைந்து அங்குலம் அங்குலமாக ஏறும். இறக்க வேண்டுமானால் எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். கையை விட்டுவிட்டால் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதன் அமைப்பு அப்படி. தயவுசெய்து இதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டு போன்களுக்குச் செயின் பிளாக் எதற்கு? ஒரு கயிறு போதாதா? போதும். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா! கம்பி வலைக் கூடையில் இரண்டையும் வைத்து, கனத்துக்கு ஓர் இரும்புத் துண்டையும் போட்டு, தொட்டியின் அடிவரை இறக்கினேன். அரை மணி நேரம் என்று பேச்சு.

சாமுவேல் தொட்டியை ஒட்டிய மேடையில் ஏறி நின்று எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"போதுமுங்க, தூக்கிருங்க. பேத்தி நடக்கற வீடியோ எல்லாம் அதுலதான் இருக்குது."

"அரை மணி நேரம்னுதானுங்க பேச்சு."

"அட, வெளையாட்டுக்குத்தானுங்க!"

"தோத்துட்டேன்னு சொல்லுங்க, தூக்கறேன்."

அப்போது அவர் முகம் மாறியது. சிரிப்புப் போய்விட்டது. "அன்னைக்கும் நீங்க இப்பிடித்தானுங்க. தொட்டியவே கட்டிப் புடிச்சுட்டு நின்னீங்க. சரக்குப் போகாம கம்பெனி முங்கிப் போச்சு. பழனிச்சாமியாலதான் எல்லாம்னு மொதலாளி எங்கிட்டச் சொன்னாரு. நானும் ஆமாங்கன்னுதான் சொல்லிப்போட்டு வந்தேன்."

இத்தனை வருடம் என்னோடு பன்னைப் பாதியாகப் பிட்டுத் தின்ற மனிதர்!

"தூக்குங்கன்னா!" என்று கத்திக்கொண்டே அவர் கையை உயர்த்தி, மேலே பற்சக்கரத்துக்குச் சற்றுக் கீழே, கூடை தொங்கிய சங்கிலியைப் பற்றி இழுத்தார். அவர் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று நான் பார்த்தேன்.

தூக்கினேன். அவர் கேட்டதைத்தான் செய்தேன்!

முதல் இழுப்பு. அதில் விரல்கள் சக்கரத்தின் வாய்வரை போயின. அதை வேண்டுமானால் தெரியாமல் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"ஐயோ... வெரலு!" என்றார். இரண்டாவது இழுப்பு. கைச்சங்கிலியில் ஒரு மெல்லிய தடை தெரிந்தது. மாவில் கல் அகப்பட்டால் கைக்குத் தெரியுமே, அதைப்போல.

பிறகு நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண்கள் என்னையே பார்த்தன. பார்த்துக்கொண்டே மூன்றாவது முறை இழுத்தேன்.

அந்த இயந்திரத்தின் கொடுமை அது மெதுவானது என்பது. ஒரு குத்து, ஓர் அறை என்றால் கை முந்திக்கொண்டது எனலாம். இங்கே ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவில் கையை மேலே கொண்டுபோய்ப் புதிதாகச் சங்கிலியைப் பற்ற வேண்டும். நிறுத்திக்கொள்ள நேரம் இருந்தது. நிறைய இருந்தது!

எதிர்ப்பக்கம் இழுத்து விடுவித்தேன். வெள்ளைச் சட்டை முழங்கைவரை சிவந்துவிட்டது. மேடையில் உட்கார்ந்து தன் கையை யாருடையதோ போல வெறித்தார். மருமகனுக்கு போன் செய்ய என் சட்டைப் பையைத் தடவினேன். போன்தான் தொட்டிக்குள் கிடந்ததே! தெருவுக்கு ஓடி ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். பக்கத்துப் பட்டறைக் காவலாளி அவரோடு ஏறிக்கொண்டார். "பூட்டிட்டுப் பின்னாலயே வாரேன்," என்றேன்.

பூட்டவில்லை. உள்ளே திரும்பிப் போனேன். கூடையைத் தூக்கினேன். என் போனில் திரை ஒளிர்ந்தது. அவருடைய போன் கறுத்துக் கிடந்தது.

நான் சந்தோஷப்பட்டேன்... இதோ, எழுதிவிட்டேன். தரையில் அவருடைய இரத்தம் காயவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்!

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "எனக்குக் கை வழுக்கிருச்சுங்க, சங்கிலி ஓடிருச்சு," என்றேன். படுத்திருந்த சாமுவேல் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க," என்றார். இரண்டு விரல்களையும் பாதியில் எடுக்க வேண்டியதாயிற்று. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க பக்கத்துல இருந்ததால ஆச்சுங்கண்ணா. இல்லாட்டி என்னாயிருக்குமோ!"

கை வழுக்கினால் செயின் பிளாக் நின்றுவிடும். ஓடாது. காலமெல்லாம் தொட்டிக்கு மறுபக்கம் நின்ற மனிதருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும் என்றால் ஏன் ஆமாம் என்றார்? அன்று முதலாளியிடம் சொல்லிவிட்ட வார்த்தைக்கு விரல்களை விலையாக எடுத்துக்கொண்டாரா? அல்லது வலியில் எதையும் யோசிக்கவில்லையா? கேட்டுவிடலாம் என்று எத்தனை மாலைகள் வாயெடுத்தேன்... கேட்டால் நான் சொல்லியாக வேண்டுமே!

சென்ற தை மாதம் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் சாமுவேல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லோரும் கையால் பிசைந்து சாப்பிட, அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து இலையில் வைத்தார். எதிரே இருந்த ஒருவர், "என்னங்க, வெள்ளக்காரனாட்ட!" என்று கேலி செய்தார். சாமுவேலும் சிரித்தார். நான் பாதியிலேயே இலையை மூடினேன்.

அவர் மகன் வேறொரு போன் அனுப்பிவிட்டான். அதே கம்பெனி. மாலைகளில் இப்போதும் பேக்கரிக்குப் போகிறோம். சண்டை போடத்தான் எனக்கு வாய் வருவதில்லை. அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிகிறது.

போன வாரம் போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பாருங்க, வாயில சொன்னாப் போதும், தமிழ்லயே எழுதிக்குது. வெரலே வேண்டாமுங்க! உங்க போனு செய்யுமா இத?"

செய்யும். எப்போதோ செய்கிறது. "செய்யாதுங்க," என்றேன்.

"என்னங்க நீங்க, இப்பல்லாம் ஒடனே தோத்துப் போறீங்க? சப்புன்னு இருக்குதுங்க." பிறகு ஏதோ தோன்றியவர்போல, மழுங்கிய விரல்களால் போனைத் தள்ளி என் வாய்க்கு எதிரே பிடித்தார். "நீங்க ஒண்ணு சொல்லுங்க, எப்பிடி எழுதுதுன்னு பாருங்க. எதுனாலும் சொல்லுங்க."

திரையில் ஒலிவாங்கிப் படம் துடித்துக்கொண்டிருந்தது. அதன்கீழே வெள்ளையாக ஒரு வெற்றிடம். வாயைத் திறந்தேன். மூடினேன். அது காத்திருந்தது, அவரும் காத்திருந்தார். போனைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார். மேடையிலிருந்து பார்த்த அதே பார்வையா? தெரியவில்லை... எனக்குத் தெரியவில்லை!

"பேசுனாத்தானுங்க அது எழுதும்," என்றார், மிக மெதுவாக.

"ரெண்டு டீ," என்றேன்.

ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேக்கரிக்காரரைப் பார்த்து இடது கையை உயர்த்தி இரண்டு விரல் காட்டினார்.