உட்கார மறுத்த நாய்

விமான நிலையத்தின் ஏழாம் கவுண்டரில் டிக்கெட் சரிபார்ப்பவளுக்கு, உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் சிஐடி அக்கா. பத்தொன்பது வருடத்தில் யாரும் தன் காதில் பூ சுற்றியதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வீட்டிலும் அதே கதைதான். "மொதல் தடவ காபி குடிக்கப் போனப்பவே என் ஆபீஸ் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தவ இவ" என்று கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நாய் விஷயத்தில் அவள் இன்னும் மோசம். நோயாளிக்கு உதவப் பழக்கிய நாய் என்றால் விமானத்துக்குள் அவர் காலடியிலேயே படுத்து வரலாம். வெறும் செல்லம் என்றால் கூண்டில் அடைபட்டு, பெட்டிகளோடு கீழே போக வேண்டும். அவ்வளவுதான், ஊரிலுள்ள செல்லங்களுக்கெல்லாம் 'உதவி நாய்' என்று எழுதிய சட்டை முளைத்துவிட்டது. மனசு சரியில்லை என்று கடிதம் நீட்டிய ஒருவனின் நாய் அவள் செருப்பையே கவ்விக்கொண்டு ஓடியிருக்கிறது. அதிலிருந்து அவளிடம் ஒரே பரீட்சை. உட்காரச் சொன்னால் நாய் உட்கார வேண்டும்.

அன்று மத்தியானம் வந்தவர் முன்பு பஸ் ஓட்டியவர். கூடவே ஒரு பழுப்பு நாய். ஆள் திடமாகத்தான் இருந்தார். கடிதத்தில் 'மருத்துவக் காரணம்' என்று மட்டும் இருந்தது. அவளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"உங்களுக்கு என்ன பிரச்சினை?"

அவர் பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு உதவிக்குத்தாம்மா. தங்கச்சிக்கு ஆறு மணிக்கு ஆபரேஷன். பொழைக்கறது கஷ்டம்னு சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவ முகத்தப் பாத்துடணும்."

இப்படிக் கண்ணைக் கசக்கும் கதைகள் அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். "நாயை உக்காரச் சொல்லுங்க."

"உக்காருடா."

நாய் உட்காரவில்லை. அவர் முழங்காலைத் தலையால் முட்டி முட்டித் தள்ளியது. அவர் அதட்டினார், கெஞ்சினார். அது முனகிக்கொண்டே இன்னும் தள்ளியது. சிஐடி அக்காவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. 'அனுமதி இல்லை' என்று கணினியில் தட்டி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் அப்படியே சாய்ந்தார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நாய் அவர் தலைக்கடியில் புகுந்து படுத்துக்கொண்டது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

டாக்டர் வந்து பார்த்து, அவர் தெளிந்து எழுந்தபோது விமானம் போயிருந்தது. அடுத்தது எட்டு மணிக்குத்தான்.

"வலிப்பு வரப்போறது அவனுக்குத்தாம்மா மொதல்ல தெரியும்" என்றார் குழறலாக. "அப்ப என்னைத்தான் உக்கார வைக்கப் பாப்பான். யார் சொன்னாலும் அவன் உக்கார மாட்டான். நாந்தான் பதட்டத்துல கவனிக்கல. இத்தன பேரு முன்னாடி வலிப்புன்னு சொல்லவும் கூச்சமா இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. அவர் திரையைப் பார்த்தார். எடுக்காமல் அவளிடம் நீட்டினார்.

"என்னால முடியாதும்மா. நீங்களே சொல்லுங்க."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"அண்ணே, ஏறிட்டியா?"

"ஏறலம்மா" என்றாள் சிஐடி அக்கா. "நான்தான் ஏத்தல."