சர்க்கரை கலந்த ஒயின்

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு சூடாகிறது. கோபத்தில் பாதி அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரர்மேல். மீதி என்மேல்.

நான் வானூரில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். இந்தப் பக்கம் வெளிநாட்டார் நடமாட்டம் அதிகம் என்பதால் சில சமயம் மொழிபெயர்க்கவும் கூப்பிடுவார்கள். போன வருஷம் மரக்காணத்துக்குக் கொஞ்சம் முன்னால், உப்பளத்தை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார். சென்னையில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"திராட்சை பத்தி எழுதற ஒரு ஃபாரின் லேடி வர்றாங்க. நம்ம ஒயினை டேஸ்ட் பண்ணப் போறாங்க. எனக்கு இங்கிலீஷ் வரும் மேடம். ஆனா தோட்டத்துல வேலை செய்றவங்ககிட்ட பேசணுமாம், அதுக்கு வெளி ஆள்தான் வேணுமாம்."

போனேன். அவரிடம் இருந்தது ஒரு கலப்பினத் திராட்சை. காட்டுக் கொடியையும் நாட்டுக் கொடியையும் சேர்த்து எந்தத் தேசத்திலோ யாரோ உண்டாக்கியது. விளைச்சல் போதவில்லை என்று அங்கேயே கைவிட்டுவிட்டார்களாம். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, வெறும் எண்தான். அந்த அம்மையார் பந்தலடியில் நின்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உப்புக் காற்றில் இது எப்படிப் பிழைத்தது என்று பந்தலைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கேட்கச் சொன்னார்.

அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். உப்பளத்தில் வேலை செய்தவர், ஏழு வருஷமாக இந்தத் தோட்டத்தில் இருக்கிறார். கேள்வியைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"குழியில மொதல்ல செங்கல் ஜல்லி போட்டேன் டீச்சர். அதுக்கு மேல ஏரி வண்டல், ஆட்டெரு. கோடையில இந்தக் கெணறு கரிக்கும். அதனால ஊருக்குள்ள இருந்து நல்ல தண்ணி கொண்டாருவேன். காத்து அடிக்கிற மாசத்துல இலை மேல உப்பு படியும், வெயில் ஏறுனா கருகிடும். விடியக்காலையில ஒவ்வொரு இலையா கழுவி விடுவேன். சார் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் வுடல."

தோட்டத்துச் சொந்தக்காரர் அக்காவுக்கு எதிரிலேயே, அக்கா அங்கே இல்லாததுபோல், என்னிடம் தமிழில் சொன்னார்: "அதெல்லாம் வேணாம் மேடம். சொட்டுநீர், மண் பரிசோதனை, என்னோட டிசைன். சுருக்கமா சொல்லிடுங்க."

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அதைத்தான் சொன்னேன். சொட்டுநீர், மண் பரிசோதனை, ஐயாவின் திட்டம். ஏன் சொன்னேன்? அவர் என்னை மிரட்டவில்லை. கூப்பிட்டவர் சொன்னதும் வாய் தானாகக் கீழ்ப்படிந்தது, அவ்வளவுதான். அம்மையார் நோட்டில் எழுதிக்கொண்டார். அக்கா குனிந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

பிறகு வராந்தாவில் ஒயின் ஊற்றினார்கள். அம்மையார் அக்காவுக்கும் ஒரு கிளாஸ் கேட்டார். "இவங்கல்லாம் குடிக்க மாட்டாங்க" என்று தோட்டக்காரர் சிரித்தார்.

"குடுங்க சார், பாக்கலாம்" என்றார் அக்கா.

நானும் குடித்தேன். மூக்கருகே கொண்டுபோனதும் நசுங்கிய நாவற்பழமும் ஈர மண்ணும் கலந்த வாசனை. வாயில் வைத்ததும் தித்திப்பு. அந்தத் தித்திப்பு ஒயினோடு சேராமல் மேலே தனியாக நின்றது. எனக்கு அதற்குமேல் தெரியவில்லை. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்:

"இது சக்கரை டீச்சர். எம் பழம் இப்படித் தித்திக்காது. புளிப்பு தூக்கலா இருக்கும், கடைசியில நாக்குல லேசா கரிக்கும்."

முதலில் செய்த தப்பு எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அதை ஈடுகட்டுகிற வேகத்தில் அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் உரக்க ஆங்கிலத்தில் சொன்னேன்.

அம்மையார் கிளாஸைக் கீழே வைத்தார். சர்க்கரை சேர்க்காதது இருக்கிறதா என்று கேட்டார். தோட்டக்காரரின் முகம் கறுத்தது. விருந்தாளிகளுக்காக எல்லாவற்றிலும் கொஞ்சம் சேர்த்ததாக முனகினார். அம்மையார் நோட்டை மூடி, நன்றி சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார்.

பஸ் நிறுத்தத்தில் அக்காவிடம் பெருமையாகத்தான் பேச்செடுத்தேன். அவர் திரும்பிய வேகத்தில் நான் ஓரடி நகர்ந்தேன்.

"அத உங்ககிட்டதான் சொன்னேன். அவங்ககிட்ட சொல்லச் சொன்னேனா?"

"உண்மைதானே அக்கா?"

"மொதல்ல நான் சொன்னது மட்டும் பொய்யா? அத சொல்லியிருந்தா எனக்குப் பேரு. இத சொன்னதுல எனக்கு வேலை போவும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"



இரண்டு வாரத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். நான் போன் செய்து சத்தம் போட்டேன். "உங்களை டிரான்ஸ்லேட் பண்ணத்தான் கூப்பிட்டேன், பஞ்சாயத்து பண்ண இல்ல" என்று தோட்டக்காரர் போனை வைத்துவிட்டார். அந்த அம்மையாருக்கு அக்கா முதலில் சொன்னதையெல்லாம் மெயிலில் எழுதினேன். மிகவும் சுவாரஸ்யம், ஆனால் அந்தத் தோட்டத்தைப் பற்றி எழுதப் போவதில்லை என்று மரியாதையாக நாலு வரி பதில் வந்தது. வண்டல் போட்டதும் இலை கழுவியதும் எங்கும் பதிவாகவில்லை.

மாசியில் உப்பளத்துக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். பாத்தியில் பலகையால் உப்பை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் பலகையை நிறுத்தவில்லை.

"சாரி சொன்னா நான் இன்னா பண்றது டீச்சர்? வேலை கெடக்குது."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? வரப்பில் ஏறி ரோட்டுக்கு நடந்தேன்.