பட்டாசின் முதுகுக்கு எத்தனை செட்

ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளிடம் மட்டும்தான் அவள் குரல் உயராது. மற்றவர்கள் அவளிடம் வாயைத் திறக்குமுன் ஒருமுறை யோசித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் மாடி வீட்டிலிருந்து கனத்த மனிதர் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் பட்டாசு, கால்மாட்டில் டிரைவர். அவன் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. கவனம் சிதறிப் படியைத் தவறவிட்டான். மொத்தப் பாரமும் ஒரு பக்கமாகச் சாய, அவள் பிடி நழுவியது. நோயாளியின் முழங்கை சுவரில் உரசித் தோல் உரிந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் புகார் போய்விட்டது.

"பொம்பளைக்கு இந்த வேலை தாங்காதும்மா. உள்ள உக்காந்து போன் எடு" என்றார் மேலாளர்.

டிரைவர் பக்கத்திலேயே நின்றான். படியைத் தவறவிட்டது தான்தான் என்று சொல்லாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அன்று மாலையே ஜிம்மில் சேர்ந்தாள்.

பயிற்சியாளன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பொம்மை போலிருந்த இரண்டு ஊதா டம்பெல்களை நீட்டினான். "லேடீஸுக்கு இது போதும்க்கா. உடம்பு குறையத்தானே வந்திருக்கீங்க?"

"ஆளைத் தூக்க வந்திருக்கேன். முதல்ல உன்னைத் தூக்கிக் காட்டட்டுமா?"

அதன்பிறகு அவன் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அவள் தன் இஷ்டத்துக்குச் செய்தாள். தினமும் முதுகு, தினமும் கை. கம்பியை இழுக்கும்போதெல்லாம் மேலாளரின் முகம் கண்முன் வரும். கோபம் தீரும்வரை இழுப்பாள். அதுவோ தீர்கிற ரகமில்லை.

எடைதான் ஏறவில்லை. முதலில் சுலபமாகத் தூக்கியதையே இப்போது முக்கி முனகித் தூக்கினாள். துணி பிழியும்போது விரல் மடங்க மறுத்தது. முடிதிருத்தகம் வைத்திருந்த கணவர் தைலம் தேய்த்தபடி கேட்டார்: "நீ உடம்பை வளக்குறியா, அதைப் பழிவாங்குறியா?"

"பேசாம அமுக்குங்க."

பிறகு ஜிம்மில் குழாய் வெடித்து ஒரு வாரம் மூடிவிட்டார்கள். எல்லாம் போச்சு என்று பொருமிக்கொண்டே திரும்பியவள் கம்பியைப் பிடித்தாள். அது லேசாக மேலே வந்தது.

"ஏய், இங்க வா! சும்மா கிடந்தேன், இது எப்படி லேசாச்சு?"

பயிற்சியாளன் இரண்டடி தள்ளியே நின்றான். "இப்பத்தான்க்கா உடம்புக்கு ஓய்வு கிடைச்சிருக்கு. நிறுத்தாம பத்துத் தடவை இழுத்தா அது ஒரு செட்டு. முதுகுக்கு வாரம் பத்து செட்டுல ஆரம்பிச்சு, தாங்குச்சுன்னா இருபது வரைக்கும் ஏத்தலாம். அதையும் ரெண்டு மூணு நாளா பிரிச்சுக்கணும். ஒவ்வொரு செட்டும் கடைசில கஷ்டமா இருக்கணும். நீங்க போட்டதுல பாதி வெறும் களைப்புதான்."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"கிட்ட வரவே பயமா இருந்துச்சுக்கா."

"அந்தப் பொம்மையை நீட்டுறப்ப பயம் வரலையா?"

திட்டினாலும் அவன் சொன்னபடியே செய்தாள். மாதங்கள் போகப் போக எடை ஏறியது. சீருடையின் கை இறுகியது. முதுகு அகலமாகி ஜாக்கெட்டுக்குத் தையல் பிரிக்க வேண்டிவந்தது.

ஒருநாள் மாடியிலிருந்த மேலாளரின் அறைக்குள் ஸ்ட்ரெச்சரோடு நுழைந்தாள். மறுமுனையைப் பிடித்தபடி பின்னால் அதே டிரைவர்.

"படுங்க சார். இறக்கிக் காட்டறேன்."

வாசலில் ஆட்கள் கூடிவிட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை. வாரைப் போட்டு இறுக்கி, தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதிப் படியில் பட்டாசு நின்றாள்.

"இப்பச் சொல்லு. அன்னைக்குப் படியைத் தவறவிட்டது யாரு?"

டிரைவர் பிடியை மாற்றிப் பிடித்தான். "அக்கா, கீழ போய்ப் பேசலாம்க்கா."

"எனக்கு அவசரமில்லை. சாயங்காலம் வரைக்கும் நிப்பேன்."

"நான்தான் சார். போன் அடிச்சுது, பார்க்காம கால் வெச்சுட்டேன்."

"சரிம்மா, சரிம்மா! முதல்ல இறக்குங்க!" என்று கத்தினார் மேலாளர்.

மறுநாளே அவளை போன் மேசையிலிருந்து மீண்டும் வண்டிக்கு அனுப்பினார்கள். அந்த டிரைவரோடு போகமாட்டேன் என்றாள். வேறு ஆள் வந்தான். மேலாளர் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். ஆனாலும் அன்றைய செட் முடிந்ததும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள்.