மாப்பிள்ளை எழுதிய பார்முலா

ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. குடுபல்லியில் அண்ணன் நிலத்துக்குப் போயிருந்தேன். ஒரு ஏக்கர் தக்காளி. பிஞ்சு பிடித்திருந்தது. இலையில் கருகல் நோயும் பிடித்திருந்தது.

அண்ணன் டிரம்மில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும். வருடா வருடம் கலக்குவதுதான். காளவாயில் சுட்ட சுண்ணாம்பை ஊறவைத்து வடிகட்டி ஊற்றுவார். இந்த முறை பக்கத்தில் பளபளவென்று ஒரு பை. உள்ளே வெள்ளை மாவு.

"இன்னாணா இது?"

"மாப்ள எழுதிக் குட்த்தாரு. சீட்டக் காட்டி குப்பம் டவுன்ல வாங்கியாந்தேன். காளவாய் சுண்ணாம்புல சயின்ஸ் இல்லியாம்."

மாப்பிள்ளை என்றால் அண்ணன் மகளைக் கட்டியவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. எங்கள் பக்கம் இப்போது வீட்டுக்கு ஒருவர் பெங்களூர் ரயில் ஏறுகிறார். போனவர் திரும்பி வந்து எது சொன்னாலும் அது சயின்ஸ். அவர் மாப்பிள்ளையாகவும் இருந்துவிட்டால்...? அப்பீலே கிடையாது.

சீட்டைப் பார்த்தேன். முதல் வரி CuSO₄. மயில்துத்தம். சரி. அடுத்த வரி CaCO₃.

நான் ஐந்தாவது வரை படித்தவன். காலேஜ் லேபில் அட்டெண்டர். இருபது வருடமாக சீசாக்களுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். ஏன், எதனால் என்று கேட்டால் தெரியாது. எதற்குள் எது இருக்கிறது என்று தெரியும்.

CaCO₃ என்பது சாக்குக்கட்டி மாவு. ஊறவைத்த சுண்ணாம்பு Ca(OH)₂. இரண்டும் வெள்ளை. இரண்டுக்கும் முன்னால் Ca. அதனால் என்ன? இனிஷியல் ஒன்று என்பதற்காக என் ரேஷன் கார்டை அடுத்தவனுக்குக் கொடுப்பார்களா?

லேபில் பையன்கள் இதை எழுதும் அழகு தனி. அடைப்புக்குறி போட மாட்டார்கள். சின்ன 2 பெரிய 2 ஆகிவிடும். வாத்தியார் அரை மார்க் குறைப்பார். அதோடு சரி. தக்காளிச் செடி அரை மார்க் கணக்கெல்லாம் பார்க்காது.

"ணா, இது வேற. துத்தத்தோட வேகம் இதுல அடங்காது. செடி வெந்துபூடும்."

"டேய், அவரு இஞ்சினீரு. நீ சீசா கழுவறவன்."

"ஆமா."

உண்மைதானே. என்ன வாதாட?

அண்ணி குறுக்கே வந்தார். "சும்மா இருங்க தம்பி. மாப்ள காதுல உழுந்தா இன்னா நெனப்பாரு?"

"அருவா உட்டுப் பாத்தியாணா?" என்றேன்.

மருந்து கலந்ததும் டிரம்மில் அரிவாளை விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். அரிவாள் அப்படியே இருந்தால் அடிக்கலாம். செம்பு ஏறிச் சிவந்தால் அடிக்கக்கூடாது. இருபது வருடமாக அண்ணன் தவறாமல் செய்வார். இந்த முறை செய்யவில்லை.

"மாப்ள எழுதனத டெஸ்ட் பண்றதா? அவரயே டெஸ்ட் பண்ண மாதிரி ஆயிடாது?"

மருந்தடிக்கும் மெஷினைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டார். நான் வரப்பில் கிடந்த அரிவாளை எடுத்து டிரம்மில் விட்டேன். கொஞ்ச நேரம் நின்றேன். எடுத்தேன்.

நனைந்த வரைக்கும் சிவப்பு.

அண்ணன் அரிவாளைப் பார்த்தார். செடிகளைப் பார்த்தார். மெஷினை இறக்கி வைத்தார். "பழைய சுண்ணாம்பு கொட்டாயில கீது, எத்துகினு வா" என்றார். அண்ணியிடம்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊறவைத்து, வடிகட்டி, ஊற்றினோம். அரிவாள் சிவக்கவில்லை. அடித்தோம். பத்து நாளில் கருகல் நின்றது. பயிர் பிழைத்தது.

பெயர் யாருக்கு? மாப்பிள்ளைக்கு! பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து பார்முலா கேட்டார்கள். அண்ணன் பெருமையாக அதே சீட்டை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினார்.

"திருத்திக் குடுணா. ஊரே வெந்துபூடும்."

"மாப்ள எழுத்து மேல கோடு போட்றதா? பொண்ணு வாழ்ற எடம்டா."

அதுவும் நியாயம்தான். கோடு போடவில்லை. வேறு தாள் எடுத்தேன். CuSO₄. அடுத்த வரியில் Ca(OH)₂. அடைப்புக்குறியோடு. பழைய சீட்டை மடித்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அண்ணன் பார்த்தார். புதுத் தாளை வாங்கிக்கொண்டு கடைக்கு நடந்தார். ஊருக்குப் போனது என் தாள். பெயர் மட்டும் மாப்பிள்ளை பார்முலா.

போன வாரம் அண்ணன் வீட்டில் மாப்பிள்ளைக்கு விருந்து. சாப்பிட உட்கார்ந்தவர் சுவரில் ஒட்டியிருந்த என் தாளைப் பார்த்துவிட்டார். எழுந்து கிட்டே போனார். படித்தார். மறுபடி படித்தார். அண்ணி கரண்டியோடு அப்படியே நின்றார். அண்ணனுக்கு வேர்த்தது.

மாப்பிள்ளை திரும்பினார்.

"பாத்தீங்களா மாமா, அந்த பிராக்கெட்தான் முக்கியம். நெறய பேர் அங்கதான் கோட்டை விடுறாங்க."

அண்ணி மூச்சு விட்டார். அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

நான் இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டேன்.